பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா, தெரபி மையமா? தண்டையார்பேட்டையில் போட்டுப் பார்த்த ஒரு கணக்கு

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு தங்கை இருக்கிறாள். அவள் பையனுக்கு வருகிற ஜூனில் ஆறு வயது முடிகிறது. ஆட்டிசம் என்று எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் சொல்லி இரண்டு வருடம் ஆகப்போகிறது. போன வாரம் மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போது கேட்டாள். "அக்கா, உன் பையன கார்ப்பரேஷன் ஸ்கூல்லதான சேத்த? என் மாமியார் ஸ்பெஷல் ஸ்கூல்ல போடுங்கறாங்க. அவரு இன்னும் ஒரு வருஷம் தெரபி முடியட்டும், அப்புறம் பாக்கலாங்கறாரு. நான் எங்கதான் சேக்குறது?"

என் அரிசி அரைபடுகிற நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. வியாசர்பாடியில், திருவொற்றியூரில், கொருக்குப்பேட்டையில் இதே கேள்வியோடு எத்தனை அம்மாக்கள் நிற்கிறார்களோ. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலையானவள் இல்லை. என் மகன் இப்போது மாநகராட்சிப் பள்ளியில் நாலாம் வகுப்பு. அதற்கு முன் தெரபி மையத்துக்கு மட்டும் போன காலம் உண்டு. நடுவில் கொரோனா ஒரு வருடத்துக்கு மேல் விழுங்கியது. பிறகு ஏழு மாதம் சிறப்புப் பள்ளி. தனியார் பள்ளி வாசல் வரை போய்த் திரும்பியதும் உண்டு. மூன்றில் சறுக்கி நாலாவதில் நின்றவளின் கணக்கு இது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பாதி இடங்களில் நம்மைப் பேச்சிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகை ஊனங்களில் ஆட்டிசமும் ஒன்று. ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால், 6 முதல் 18 வயது வரை அந்தக் குழந்தைக்கு இலவசக் கல்வி உண்டு. வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பதைத் தேர்ந்தெடுப்பது நம் பக்கம். "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குத் தனியா ஸ்கூல் இருக்கே" என்று அரசுப் பள்ளியோ அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியோ கதவைச் சாத்த முடியாது. சான்றுக்கு முன் ஒரு மதிப்பீடு செய்வார்கள். 40 கேள்விகள், மொத்த மதிப்பெண் 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை, 153ஐத் தாண்டினால் தீவிரம். என் மகனுக்கு நடுவாந்திரம். அந்தச் சான்றை வைத்துத்தான் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அட்டையை வைத்துத்தான் மற்ற எல்லாம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடும் அதில் சேரும். வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவிலும் ஒரு பங்கு கிடைக்கும். ஆகவே, தங்கை, எங்கே சேர்ப்பது என்று முடிவு பண்ணுவதற்கு முன் அட்டையை வாங்கு.

நடுவில் ஒரு சின்ன விஷயம். ஆட்டிசத்துக்கு அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்ற' என்று ஒரு பெயர் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். டி.எச். ரோட்டில் கன்டெய்னர் லாரி ஏர் ஹாரன் அடிப்பதற்கு முன்பே, பிரேக் சத்தத்தை வைத்தே காதைப் பொத்திக்கொள்கிறவன் என் மகன். மூன்றாவது வீட்டில் கருவாடு வறுத்தால் இவன் இங்கே சாப்பாட்டைத் தள்ளிவிடுவான். புற உலகம் அவனுக்குள் கதவைத் தட்டாமல் நுழைகிறது, அதுதான் அவன் சிரமம். எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

சரி, தெரபி மையம். உன் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று எல்லா டாக்டர்களும் சொல்வதுதான். ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபியில் என் மகனை ஊஞ்சலில் ஆட்டி, கனமான மெத்தைக்குள் சுருட்டி, கையில் பிரஷ் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு இடத்தில் உட்கார வைத்தார்கள். ஸ்பீச் தெரபியில், வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கப் பழக்கினார்கள். வாரத்தில் மூன்று நாள், ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம், எங்களிடம் வாங்கியது 600 ரூபாய். மாதம் 7,000க்கு மேல், ஆட்டோ தனி. துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது என்ன தொகை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தைக்கூட விடு. அந்த அறைக்குள் தெரபிஸ்ட் மேடத்திடம் தண்ணீர்ப் படத்தை எடுத்துக் கொடுத்துக் கேட்பான். வீட்டுக்கு வந்தால் குடத்துக்கு முன்னால் நின்று அழுவான். ஓரிடத்தில் படித்ததை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது இந்தக் குழந்தைகளுக்குச் சுலபமில்லை. அதனால் அந்த மேடம் சொன்னபடி அதே படத்தைக் குடத்தின் மேலேயே ஒட்டினோம், ஒரு வாரத்தில் வந்துவிட்டது. தெரபி வேண்டும், ஆனால் அதன் விளைச்சலை வீட்டிலும் தெருவிலும்தான் அறுக்க முடியும். "முதலில் தெரபி முடியட்டும்" என்கிற பேச்சு எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம். அது முடிவதே இல்லை. இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருடம் என்று பிள்ளைக்குப் பத்து வயதாகிவிடும், சக வயதுக் குழந்தை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்த பழக்கமே இருக்காது.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 'ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறோம்' என்று போர்டு மாட்டியிருக்கும் இடத்தில் படியேறாதே. ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது, செய்தால் தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. நம்மைப் போன்றவர்கள் இதில் விழுவது குற்ற உணர்ச்சியால்தான். "செல்போன் குடுத்து வளத்த, அதான் பேச்சு வரல" என்று உன் மாமியார் சொன்னதை நீ என்னிடம் சொல்லி அழுதாயே. 1950, 60களில் அமெரிக்காவில் பெரிய பெரிய டாக்டர்களே, பாசமில்லாத தாயால் வருவது இது என்று சொல்லித் திரிந்தார்கள். பிறகு அது தப்பு என்று ஒதுக்கிவிட்டார்கள். மூளை வளர்கிற விதத்தில் இருக்கிற வேறுபாடு இது, அதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு. நீ செய்த தப்புக்குப் பரிகாரமாக எதையும் விலைக்கு வாங்க வேண்டாம்.

சிறப்புப் பள்ளியைப் பற்றி நான் குறைவாகப் பேசினால் அது நன்றி கெட்டதனம். வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். என் மகன் தரையில் படுத்து உருண்டபோது அந்த டீச்சர் பதறவே இல்லை. லைட்டை அணைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிச் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தானாக எழுந்து வந்தான். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் அவனைத் தூக்கிக் குலுக்கி "என்னடா, என்னடா" என்று கத்தியதெல்லாம் எவ்வளவு கொடுமை என்று புரிந்தது. பாத்ரூம் பழக்கம், சட்டைப் பட்டன், தன் முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அந்த ஏழு மாதத்தில் வந்தவை. மற்ற அம்மாக்களோடு பேசக் கிடைத்தது, அது ஒரு பெரிய மருந்து.

அப்புறம் ஏன் நிறுத்தினேன்? தூரம். பெயர் தெரிந்த இடங்களெல்லாம் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கின்றன. வித்யாசாகர் கோட்டூர்புரத்தில். பல ஊனங்கள் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் முட்டுக்காட்டில், நம் வீட்டிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரை வந்த பிறகு சின்னமலை வரைக்கும் சுலபம்தான், அங்கிருந்து ஆட்டோ. சாதாரணக் கட்டண பஸ்ஸில் நமக்கும் டிக்கெட் இல்லை, அட்டை உள்ள பிள்ளைக்கும் இல்லை. காசு மிச்சம், நேரம் மிச்சமில்லை. நாங்கள் சேர்த்த பள்ளி அவ்வளவு தூரம்கூட இல்லை. ஆனாலும் வேன் காலை 7.10க்கு வரும், திரும்பி இறக்கிவிடும்போது 4.45. ரயில்வே கேட் போட்டுவிட்டால் வேன் நின்ற இடத்திலேயே நிற்கும், கூட்ஸ் வண்டி போய் முடிய வேண்டும். பின்னால் இருக்கிற அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்கும். பள்ளிக்குப் போய்ச் சேரும்போதே அவனுடைய பொறுமை தீர்ந்திருக்கும். பாதி நாள் வேனிலேயே வாந்தி. டீச்சர் காலையில் முதல் ஒரு மணி நேரத்தை அவனை ஆற்றுவதற்கே செலவழித்தார்.

இதைவிடப் பெரிய காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, பையன் வெளியே போய்விட்டான். எங்கள் தெருவிலிருந்து டி.எச். ரோடு இருநூறு அடி. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது டீக்கடை முன்னால் இருபது பேர். யாரோ அவன் கையைப் பிடித்திருக்கிறார்கள், அவன் கடித்துவிட்டான். "யார் வீட்டுப் புள்ள? பேர் சொல்லு, பேர் சொல்லு" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் அவன் யார் என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அதே தெருவில் இருக்கிற பிள்ளை! விடிந்ததும் வேன் ஏறி, சாயங்காலம் இறங்கி நேராக வீட்டுக்குள் போகிறவனை யாருக்குத் தெரியும்? பசங்களுக்கு அவன் 'வேன் பையன்', அவ்வளவுதான்.

அன்று ராத்திரி நானும் அவரும் பேசி முடிவெடுத்தோம். எங்கே நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கே இருந்தால் நாலு பேருக்கு இவனைத் தெரியும் என்று பார்க்கவில்லை.

தனியார் பள்ளியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களில் நம் பிள்ளைகளும் நலிவுற்ற பிரிவில் வருகிறார்கள், வருமான வரம்பு கிடையாது. ஆனால் சேர்க்கை தொடக்க வகுப்பில் மட்டும். எல்.கே.ஜி.யிலிருந்து இருக்கும் பள்ளியென்றால் உன் பையனுக்கு அந்த வாசல் தாண்டிப்போய்விட்டது. நாங்கள் இரண்டு இடத்தில் கேட்டோம். ஒரு இடத்தில் "மத்த பேரண்ட்ஸ் கம்ப்ளைன்ட் பண்ணுவாங்க மேடம்" என்றார்கள். இன்னொரு இடத்தில், வகுப்பில் அவன் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஷேடோ டீச்சர் ஒருவரை நாங்களே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். சண்டை போட்டு உள்ளே போயிருக்கலாம். சண்டை போட்டுச் சேர்த்த இடத்தில் தினமும் பிள்ளையை விட்டுவிட்டு வர எனக்குத் தைரியம் இல்லை. அன்போடு சேர்த்துக்கொள்ளும் தனியார் பள்ளிகளும் இருக்கத்தான் செய்கின்றன. உனக்கு அப்படி ஒன்று நடை தூரத்தில் கிடைத்தால் நான் எழுதியதைப் பொருட்படுத்தாதே.

மாநகராட்சிப் பள்ளி எங்கள் வீட்டிலிருந்து ஆறு நிமிட நடை. ஹெச்.எம். முகத்தைச் சுளிக்காமல் சேர்த்துக்கொண்டார். ஆனால் வகுப்பு டீச்சருக்கு ஆட்டிசம் என்றால் என்னவென்று தெரியாது, அவரே சொன்னார். "எனக்குத் தெரியாதும்மா, நீங்க சொல்லிக் குடுங்க." அதைவிட நல்ல பதிலை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. முப்பது பிள்ளைகள், சிமென்ட் தரை, எதிரொலிக்கிற சுவர். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார், அவருக்கு இன்னும் நிறையப் பள்ளிகள். முதல் மாதம் படு தோல்வி. காரணம், மணி. வராந்தாவில் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள், இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். இவனுடைய வகுப்பு அதற்கு நேரே. ஒவ்வொரு மணிக்கும் ஓட்டம், அலறல், சில நாள் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வது.

அந்தப் பயிற்றுநர்தான் கண்டுபிடித்தார். சத்தத்தைவிட அது எப்போது வரும் என்று தெரியாததுதான் அவனைப் பயமுறுத்துகிறது என்றார். வகுப்பை மாற்ற முடியாது, மணியை நிறுத்த முடியாது. மணி அடிக்கும் ஆயாவிடம் பேசினார்கள். அடிப்பதற்கு முன் அவர் வகுப்பு வாசலில் வந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார். முதல் பெஞ்சில் இருக்கிற ஒரு பெண் குழந்தை அதைப் பார்த்ததும் இவன் பக்கம் திரும்பித் தன் காதைப் பொத்திக் காட்டும். இவனும் பொத்திக்கொள்வான். அப்புறம் மணி. ஒரு மாதத்தில் மொத்த வகுப்பும் சேர்ந்து காதைப் பொத்த ஆரம்பித்துவிட்டது, அவர்களுக்கு அது விளையாட்டு. ஒரு ரூபாய் செலவில்லை.

அவன் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்தது. நான் பயந்தேன், வெள்ளைச் சோறும் அப்பளமும் தவிர எதையும் தொடாத பிள்ளை. ஆனால் அங்கே கிழமைக்கு ஒரு பட்டியல் உண்டு. அப்போது திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். மாறாத எதுவும் அவனுக்கு வெல்லம். பட்டியலைப் படமாக வரைந்து வீட்டில் ஒட்டினேன். மூன்று மாதம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். பிறகு ஒரு புதன்கிழமை பொங்கலில் இரண்டு வாய். மிளகைத் தனியாக எடுத்து வரிசையாகத் தட்டின் ஓரத்தில் அடுக்கியிருந்தானாம், ஆயா சொன்னார்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. நாலாம் வகுப்பில் இருக்கிறான், தமிழ் ஒன்றாம் வகுப்புப் பாடம்தான் வாசிக்கிறான். கணக்கில் கூட்டல் மட்டும் மின்னல். டீச்சர் மாறுதலாகிப் போனால் எல்லாம் ஆரம்பத்திலிருந்து. மூன்றாம் வகுப்பில் வந்தவருக்கு மறுபடி கைதூக்கலை விளக்கி, மறுபடி அழுது, மறுபடி பழக்கி. சில பையன்கள் அவனுக்குக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொடுத்து, திரும்பச் சொல்ல வைத்துச் சிரித்தார்கள். ஆண்டு விழா ஸ்பீக்கர் பக்கம் நாங்கள் போவதே இல்லை. தெரபியும் விட முடியவில்லை, சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் போகிறோம். பேச்சுக்குத் துணையாகப் போனில் ஆவாஸ் என்று ஒரு படச் செயலி வைத்திருக்கிறோம், நம் சென்னையில் உருவானதுதான், தமிழிலும் பேசுகிறது. பத்தாம் வகுப்பு வரும்போது எழுத உதவியாளர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்டு வாங்கலாம். முடியாவிட்டால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அது அப்போது.

ஆனால் போன ஆடியில் மறுபடி ஒரு தடவை வெளியே போய்விட்டான். அம்மன் கோயில் திருவிழா, தெரு முழுக்கச் சீரியல் பல்பு. நான் செருப்பு மாட்டுவதற்குள் ஒரு சின்னப் பெண் அவனைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். மூன்றாம் வகுப்பு, வேறு செக்‌ஷன், எனக்கு முகம்கூடத் தெரியாது. கையைப் பிடிக்கவில்லை, பிடித்தால் கடிப்பான் என்று தெரிந்திருக்கிறது. முன்னால் நடந்து, திரும்பித் திரும்பிப் பார்த்து, தன் காதைப் பொத்திக் காட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். இவனும் காதைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே. டீக்கடைக்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "உம் புள்ள வருதும்மா!"

ஏப்ரல் 2ஆம் தேதி உலக ஆட்டிசம் நாள், 2008லிருந்து நடக்கிறது. கட்டடங்களுக்கு நீல விளக்குப் போடுகிறார்கள், போடட்டும். எனக்கு அந்த ஆயாவின் தூக்கிய கை போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாரும் மாநகராட்சிப் பள்ளிக்கு வாருங்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிற பிள்ளை, அடிக்கடி வலிப்பு வருகிற பிள்ளை, பாத்ரூம் பழக்கம் இன்னும் வராத பிள்ளை என்றால் முப்பது பேர் வகுப்பில் ஒரே டீச்சரிடம் விடுவது அந்த டீச்சருக்கும் கொடுமை. அங்கே சிறப்புப் பள்ளிதான் முதலில். ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருந்துவிட்டு மாறிக்கொள்ளலாம், மாறக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. என் மகனே அந்த ஏழு மாதம் இல்லாமல் நேராக ஒன்றாம் வகுப்புக்குப் போயிருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டான். நம் பக்கத்திலேயே, இரண்டு கிலோமீட்டருக்குள், நல்ல சிறப்புப் பள்ளி ஒன்று இருந்தால் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று கேட்டிருப்பேன். வெளியே போகவே முடியாத தீவிர நிலை என்றால் பயிற்றுநர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடும் உண்டு.

உன் பையனை நான் பார்த்த வரை பாத்ரூமுக்குச் சொல்கிறான். கடிப்பதில்லை. உன் மடியில் கால் மணி நேரம் உட்காருகிறான். கூட்டம் பிடிக்காது, ஆனால் கேரம் ஆடுகிற பசங்களுக்குப் பின்னால் நின்று காயின் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவன் பிள்ளைகளைத் தேடுகிறான் என்றுதான் எனக்குப் படுகிறது. தெரபியை வாரம் ஒன்றாகக் குறைத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளியில் போடு என்பேன். உன் வீட்டுக்காரருக்குச் சமாதானமாக இல்லையென்றால், அவரையே ஒரு நாள் லீவு போட்டு வந்து வகுப்பு வாசலில் நின்று பார்க்கச் சொல். டீச்சரிடம் பாடத்திட்டம் கேட்காதே. "இவன் கத்தினா நீங்க என்ன செய்வீங்க" என்று கேள். தெரியாது என்று சொன்னால் பரவாயில்லை. "அடக்கிடுவோம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடு.

வருகிற திங்கட்கிழமை நானும் வருகிறேன், ஹெச்.எம்.மிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பையனையும் கூட்டிக்கொண்டு வா, ஆனால் பதினொன்றேகாலுக்கு மேல் வா. இன்டர்வல் முடிந்த மணி அதற்குள் அடித்திருக்கும், அடுத்தது சாப்பாட்டு மணிதான். முதல் நாளே அவன் காதில் அது விழ வேண்டாம்.